நடையும் பயணமும்: ஆங்கிலச் சொற்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வெளியூரிலிருந்து வந்த உறவினரிடம் 'ஹவ் வாஸ் யுவர் டிராவல்?' என்று கேட்டேன். அது தவறான ஆங்கிலம் என்று உடனிருந்த நண்பர் திருத்தினார். 'பயணம் எப்படி இருந்தது?' என்பதைத்தானே கேட்டேன்?

பதில்: நண்பர் திருத்தியது சரியே. 'டிராவல்' என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது, பயணம் செய்தல் என்னும் பொதுச் செயலை மட்டுமே குறிக்கும்; அதை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை என்பதால் 'எ டிராவல்' என்று எழுதவும் கூடாது. குறிப்பிட்ட ஒரு பயணத்தைப் பற்றிக் கேட்க 'ஜர்னி', 'டிரிப்' ஆகிய சொற்களே பொருந்தும். இவ்விரண்டிற்கும் இடையிலும் நுட்பமான வேறுபாடு உண்டு. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் வழியே 'ஜர்னி'. போவது, தங்குவது, திரும்புவது எல்லாம் சேர்ந்தது 'டிரிப்'. பெட்டியும் கையுமாக இப்போதுதான் வாசலில் வந்து நிற்பவரிடம் 'ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?' என்று கேட்கிறோம். ஒரு வாரம் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவரிடம் 'ஹவ் வாஸ் யுவர் டிரிப்?' என்று கேட்கிறோம். 'சேஃப் டிராவல்ஸ்' என்னும் வாழ்த்தில் பன்மை வருகிறதே என்று கேட்கலாம். அது வழக்கில் உறைந்துவிட்ட தொடர், அதை வைத்து ஒருமையை உருவாக்க முடியாது.

கேள்வி: இச்சொற்களின் வேர்களை அறிந்தால் பொருள் மனத்தில் நிற்குமா?

பதில்: எனக்கு நின்றிருக்கிறது. 'ஜர்னி' பழைய பிரெஞ்சு மொழியில் ஒரு நாளையும், ஒரு நாள் வேலையையும், ஒரு நாளில் கடக்கும் வழியையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நாம் 'கூப்பிடு தூரம்' என்று தொலைவைக் குரலால் அளந்ததைப் போல, அவர்கள் வழியைப் பகலால் அளந்திருக்கிறார்கள். தொழில் பழகி முடித்து நாட்கூலிக்கு வேலை செய்தவரை 'ஜர்னிமேன்' என்று அழைத்ததும் இதே வேரிலிருந்துதான். அச்சொல்லுக்கும் ஊர் ஊராகச் செல்வதற்கும் தொடர்பில்லை. 'டிராவல்' என்பதோ, கடும் உழைப்பையும் வேதனையையும் குறிக்கும் 'டிராவெய்ல்' என்னும் சொல்லோடு உடன்பிறந்தது. சாலைகள் சரியில்லாத காலத்தில் வழிநடப்பது எவ்வளவு துன்பமாக இருந்திருக்கும் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

கேள்வி: 'ஐ கேம் பை வாக்' என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். 'பை பஸ்', 'பை டிரெயின்' சரியென்றால் இது மட்டும் ஏன் தவறு?

பதில்: 'பை' என்பது ஏறிச் செல்லும் ஊர்தியைக் குறிப்பது. நடைக்கு 'ஆன் ஃபுட்' என்பதே நிலைத்த வழக்கு. ஆனால் அதையும் தேடிப் போக வேண்டியதில்லை. 'ஐ வாக்ட்' என்ற இரண்டு சொற்களே போதும். இந்தத் தவறு ஏன் நேர்கிறது என்பதுதான் முக்கியம். 'நடந்து வந்தேன்' என்னும்போது தமிழில் வினைமுற்று வருகையைச் சொல்கிறது. எப்படி வந்தோம் என்பதை 'நடந்து' என்னும் வினையெச்சம் சொல்கிறது. அந்த 'வந்தேன்' நம் மனத்தில் முதலில் நிற்பதால் 'ஐ கேம்' என்று தொடங்கிவிடுகிறோம். பிறகு 'நடந்து' என்பதை எங்கே வைப்பதென்று தெரியாமல் 'பை வாக்' என்று ஒட்டவைக்கிறோம். ஆங்கிலத்தில் அமைப்பு தலைகீழ்: நடையின் விதம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கும், திசையை 'இன்', 'அவுட்', 'ஹோம்' போன்ற சிறுசொற்கள் காட்டும். 'தள்ளாடியபடி உள்ளே வந்தான்' என்பது 'ஹி ஸ்டாகர்ட் இன்' என்று முடிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் நடையைக் குறிக்க ஆங்கிலத்தில் அத்தனை வினைச்சொற்கள் இருப்பதற்கும் இதுதான் காரணமா? 'ஸ்ட்ரோல்', 'சாண்டர்', 'டிரட்ஜ்', 'பிளாட்' எல்லாம் அகராதியில் 'மெதுவாக நட' என்றே இருக்கின்றன.

பதில்: பெரிதும் அதுவே காரணம் என்று கருதுகிறேன். வினையெச்சத்தால் நாம் செய்வதை அவர்கள் தனித்தனி வினைகளால் செய்கிறார்கள். ஆகவே 'மெதுவாக' என்ற ஒரே குறிப்பை நம்பாதீர்கள். நடப்பவரின் காலையும் மனத்தையும் பாருங்கள். 'ஸ்ட்ரோல்' என்பது அவசரமின்றி இன்பமாக உலாவுதல். 'சாண்டர்' என்பதிலும் அவசரமில்லை, ஆனால் எதைப் பற்றியும் கவலையில்லாத தோரணை உண்டு; வகுப்பு தொடங்கி அரைமணி நேரம் கழித்து ஒருவர் 'சாண்டர்ட் இன்' என்று எழுதினால், எழுதியவரின் எரிச்சலும் அதில் தெரியும். 'டிரட்ஜ்' என்பது களைத்தவர் வேறு வழியின்றிச் சேற்றிலோ பனியிலோ காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பது. 'பிளாட்' என்பதிலும் கால் கனக்கும், ஆனால் நடை நிற்காது. சலிப்பூட்டும் வேலையை விடாமல் செய்வதற்கும் இச்சொல் வழங்குவது அதனால்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து முதன்முதலாகக் கட்டிலை விட்டு இறங்கும் முதியவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதம் தரையை விட்டு எழவில்லை, செருப்பு தேய்கிற ஓசை மட்டும் கேட்கிறது: அது 'ஷஃபிள்'. ஒரு காலை ஊன்ற முடியாமல் சாய்ந்து நடந்தால் 'லிம்ப்'. சுவரைப் பிடித்தும் நிலை தடுமாறினால் 'ஸ்டாகர்'. சில வாரங்களில் நலம் பெற்று அடிகளை அகல வைத்து உறுதியாக நடந்தால் 'ஸ்ட்ரைட்'. நான்கு இடத்திலும் 'வாக்' என்றே எழுதலாம், பிழையில்லை. ஆனால் படிப்பவருக்கு அந்த மனிதர் தெரியமாட்டார்.

கேள்வி: 'டூர்', 'வாயேஜ்', 'டிரெக்' ஆகியவற்றையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: 'டூர்' என்பதன் அடிப்படைக் கருத்து சுற்றிவருதல், பல இடங்களைப் பார்த்துத் திரும்புவதற்கோ, ஒரே கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதற்கோ அது பொருந்தும். ஒரே ஊருக்குப் போய் வந்ததை 'டூர்' என்பது நம்மிடையே உள்ள பழக்கம். அங்கே 'டிரிப்' போதும். 'வாயேஜ்' கடலிலோ விண்வெளியிலோ செல்லும் நெடும்பயணம். பிரெஞ்சில் இதே சொல் எல்லாப் பயணத்தையும் குறிக்கும் என்பதால், அம்மொழி படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'டிரெக்' தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. இழுத்தல் என்னும் பொருளுடைய டச்சு வினையே அதன் மூலம். 1830களில் கேப் பகுதியை விட்டு உள்நாடு நோக்கிப் பெயர்ந்த போயர்களின் (அங்கே குடியேறிய டச்சு வழிவந்த உழவர்களின்) மாட்டுவண்டிப் பயணத்தை வரலாறு 'கிரேட் டிரெக்' என்றே குறிக்கிறது. மலையேறுவோர் இன்று அச்சொல்லை விரும்பி ஆள்கிறார்கள், ஆயினும் நெடுந்தொலைவும் உடலுழைப்பும் அதில் மாறாமல் இருக்கின்றன.

கேள்வி: விடைபெறும்போது 'போய் வருகிறேன்' என்பதை 'ஐ வில் கோ அண்ட் கம்' எனலாமா?

பதில்: கூடாது. கேட்பவர் எங்கோ சென்று உடனே திரும்பப் போகிறீர்கள் என்று எண்ணிக் காத்திருப்பார். சற்று நேரத்தில் திரும்புவதானால் 'ஐ வில் பி பேக்' என்றும், விடைபெறுவதானால் 'ஐ ஆம் ஆஃப், ஸீ யூ' என்றும் சொல்லுங்கள். 'போகிறேன்' என்று சொல்லக் கூசும் நம் மனத்தை அந்த 'ஸீ யூ' ஓரளவு தாங்கிக்கொள்ளும்.