வவுச்சர் எண்கள் எல்லாம் 0-வில் முடிகின்றனவே, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை ஊழியர்கள் 40 பேருக்குத் தீபாவளிக்காக ஆன்லைனில் கிஃப்ட் வவுச்சர் வாங்கினேன். 16 இலக்க எண்ணும் 6 இலக்க பின் நம்பரும் மெயிலில் சிஎஸ்வி ஃபைலாக வந்தன. எக்செலில் திறந்தால் எல்லா எண்ணும் 0-வில் முடிகிறது. சில பின் நம்பரில் 5 இலக்கம்தான் இருக்கிறது. போட்டுப் பார்த்த ஐந்தும் செல்லவில்லை. விற்றவர்களோ சரியாகத்தான் அனுப்பினோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பதறாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளமுமே எக்செலின் கைவரிசை. சிஎஸ்வி என்பது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல். அதை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்தால், இலக்கங்களாக இருப்பதையெல்லாம் அது கணக்குப் போடும் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. எண்ணில் 15 இலக்கம் வரைதான் அதற்கு நிற்கும். 6039274415827763 என்று வந்தது 6039274415827760 ஆகிவிடும். 048213 என்ற பின் நம்பர் 48213 ஆகும், எண்ணுக்கு முன்னால் வரும் சைபருக்கு மதிப்பில்லையே!

அந்தக் கட்டத்தை இப்போது 'டெக்ஸ்ட்' என்று மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் திரும்பாது. ஆனால் மெயிலில் உள்ள ஃபைல் அப்படியே இருக்கும். அதை மறுபடி டவுன்லோட் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். கடைசி இலக்கங்கள் அங்கே வேறுவேறாக இருந்தால் வவுச்சர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 40 எண்தானே, அங்கிருந்தே காப்பி செய்து ஊழியர்களுக்கு அனுப்பிவிடலாம். நோட்பேடிலும் எல்லாம் 0-வில் முடிந்தால் தவறு அவர்கள் பக்கம். அந்த மெயிலையே ஆதாரமாக வைத்துப் புது ஃபைல் கேளுங்கள்.

எக்செலில்தான் வேண்டுமென்றால், காலி ஷீட்டைத் திறந்து 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி', அப்புறம் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'. இரண்டு பத்திகளையும் 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். அப்போது ஒரு கேள்வி கேட்கும். 'ரீப்ளேஸ் கரண்ட்' என்பதையே அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால், எண்ணாக மாறிக் கெட்டதைத்தான் எழுத்தாக்கித் தரும். கூகுள் ஷீட்ஸில் இம்போர்ட் செய்யும்போது, எழுத்தை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றச் சொல்லும் டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

சேமிக்கும்போது எக்செல் ஃபைலாகவே சேமியுங்கள். சிஎஸ்வியாகச் சேமித்து ஊழியர் யாருக்காவது அனுப்பினால், அவர் டபுள் கிளிக் செய்ததும் மறுபடி 0 வந்து நிற்கும்.