முப்பது பேருக்கு ஒரு அண்டா

வணக்கம் ஐயா,

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து, மாதக் கடைசி ஞாயிறு மாலையில் மொட்டை மாடியில் காகிதப் பொம்மை நாடகம் போடுகிறோம். அட்டைப் பெட்டிதான் மேடை. பிள்ளைகள் வரைந்து வெட்டிய உருவங்களைக் கம்பியில் ஒட்டி இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே தள்ளுவோம். கடைசியாகப் போட்டது தானே புயல் கதை. பலாமரம் விழும் இடத்தில் பெரியவர்களே கண் கலங்கிவிட்டார்கள். நாடகம் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு பதார்த்தமாகக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

இப்போது இரண்டு குழப்பம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "பாதிப் பேர் சோற்றுக்குத்தான் வருகிறார்கள், கலையைக் கேவலப்படுத்துகிறீர்கள்" என்கிறார். இன்னொருவர் நல்ல மனதோடு, "மண்டபம் பிடித்துத் தருகிறேன், மைக் செட், 300 பேருக்கு கேட்டரிங் பிரியாணி எல்லாம் என் செலவு, பெரிதாகச் செய்யுங்கள்" என்கிறார். சாப்பாட்டை நிறுத்திவிடலாமா, மண்டபத்துக்குப் போய்விடலாமா? அப்புறம், பொம்மைகள் இரண்டு மாதத்தில் பூச்சி அரித்துவிடுகின்றன, அதற்கும் வழி சொல்லுங்கள். இன்னொன்று, இரண்டு மூன்று குடும்பங்கள் நாடகத்தைக் கடைசிவரை ரசித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் வசதி அப்படியோ என்னவோ.

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

* * *

அன்புள்ள வாசகிக்கு,

ஆசிரியர் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். சோற்றுக்கு வந்தால் வரட்டுமே. தமிழ் நாடகத்தின் கதையே பாதி சோற்றின் கதைதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் போன பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுக்களில், சேர்ந்த பிள்ளைகளில் பலர், வீட்டில் அடுப்பு எரியாததால் அனுப்பப்பட்டவர்கள். கம்பெனி வீட்டில் தங்க இடமும் வேளைக்குச் சாப்பாடும் கிடைக்கும், பாட்டும் வசனமும் அதோடு சேர்ந்து வரும். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வறுமையால்தான். அப்படிப்பட்ட கம்பெனிகள் பல ஆடிய நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் எங்கள் புதுச்சேரியில்தான் காலமானார், கருவடிக்குப்பத்தில் நினைவிடம் இருக்கிறது. அவர் பயிற்றுவித்த பிள்ளைகளை யாரும் "நீ சோற்றுக்கு வந்தவன்" என்று வடிகட்டியிருந்தால் நமக்கு நாடகமும் இல்லை, பின்னால் வந்த சினிமாவும் இல்லை. நடிக்கிறவன் சோற்றுக்கு வரலாம், பார்க்கிறவன் மட்டும் கலைக்காகத்தான் வர வேண்டும் என்பது என்ன நியாயம்? ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். சாப்பிட அவரையும் உட்கார வையுங்கள்.

பொம்மையையும் உணவையும் சேர்ப்பது நீங்கள் மட்டும் செய்கிற கிறுக்குத்தனம் இல்லை என்பதற்காக வெளியூர்ச் செய்தி இரண்டு. பீட்டர் ஷூமன் என்ற ஜெர்மானியர் 1963-இல் நியூயார்க்கில் ஒரு பொம்மை நாடகக் குழு தொடங்கினார். பிறகு வெர்மான்ட் மாநிலத்தின் கிராமப்புறத்துக்குப் போய்விட்டார்கள். குழுவின் பெயரே 'ரொட்டியும் பொம்மையும்'. ஆளை விட இரண்டு மூன்று மடங்கு உயரமான காகிதக்கூழ் பொம்மைகள், வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்கள் என்று பேர் வாங்கிய குழு. ஷூமன் தானே மாவு புளிக்க வைத்து, தானே கட்டிய அடுப்பில் கம்பு ரொட்டி சுடுவார் (நம் கம்பு இல்லை, ரை என்கிற குளிர்நாட்டுத் தானியம்). பூண்டு அரைத்த சாந்து தடவி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அந்த ரொட்டி மெதுமெதுவென்று இருக்காதாம், நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும். மெல்லுகிற நேரத்தில் யாரும் காரை எடுத்துக்கொண்டு ஓட முடியாது, பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்காகவே கடினமாகச் சுடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்தக் குழுவில் வேலை செய்த சிலர் 1995-இல் நியூயார்க்கில் 'கிரேட் ஸ்மால் வொர்க்ஸ்' என்று தனிக்குழு தொடங்கினார்கள். உங்களுடையதைப் போலவே அட்டைப்பெட்டி மேடை, வெட்டிய காகித உருவங்கள். செய்தித்தாள் படங்களையே வெட்டி நடிக்க வைத்து அன்றைய அரசியலைப் பேசுவார்கள். அவர்கள் நடத்தும் மாலைகளுக்கு ஸ்பெகட்டி (நூடுல்ஸ் போன்ற இத்தாலிய உணவு) விருந்து என்றே பெயர். ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஸ்பெகட்டி, சின்னச் சின்ன நாடகங்கள், பாட்டு, பேச்சு, எல்லாம் ஒரே கூடத்தில்.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே அடுப்பு, ஒரே பண்டம். உங்கள் மாடியில் அப்படி இல்லை. அதனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முழுக் கடிதமும் அந்த வரியில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்பது கேட்க அழகாக இருக்கும். நம் ஊரில் அது என்ன ஆகிறது என்று பாருங்கள். வரிசையாக டப்பாவும் தூக்கும் வைத்திருப்பீர்கள். எது யார் வீட்டுத் தூக்கு என்று தெருவுக்கே தெரியும். சிலருடைய எலுமிச்சைச் சாதம் முதல் பத்து நிமிஷத்தில் காலியாகிவிடும். வேறு யாருடையதோ புளியோதரை, வாசனை ஊரைத் தூக்கினாலும், இரண்டு கரண்டி மட்டும் மரியாதைக்கு எடுக்கப்பட்டு அப்படியே திரும்பிப் போகும். யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். தூக்கைத் திரும்ப எடுத்துப் போகிற அம்மாவுக்கு மட்டும் கனம் தெரியும். அடுத்த மாதம் அவர் நாடகம் பார்ப்பார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்னொரு வீட்டில் அந்த வாரம் கொண்டுவர எதுவும் இருந்திருக்காது. வெறுங்கையோடு வந்து சாப்பிட ரோஷம் விடாது. வேறொருவர் அடுத்த வீட்டுச் சமையலைத் தொடமாட்டார், ஆனால் அதை வாயால் சொல்லவும் துணிவில்லை.

உங்கள் தெருவில் இதில் எது நடக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் சாதிதான் காரணம் என்று இங்கிருந்தே முடிவு கட்ட நான் தயாரில்லை, சுகர் மாத்திரை போடுகிற நேரமாகக்கூட இருக்கலாம். ஆனால் "அவர்கள் வசதி அப்படியோ என்னவோ" என்று விட்டுவிடாதீர்கள். பொம்மை பார்க்கும்போது பக்கத்தில் உட்காருகிறவர்கள் சாப்பிடும்போது உட்காரவில்லை என்றால், அந்த மாடியில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது.

போய் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காதீர்கள். கேட்டால் நல்ல பொய் ஒன்று தயாராக இருக்கும், அப்புறம் நாடகத்துக்கும் வர மாட்டார்கள். சமையலை மாற்றுங்கள். வீட்டில் சமைத்து எடுத்து வருவதை நிறுத்திவிட்டு, மாடியிலோ கீழே வாசலிலோ ஒரே அடுப்பில், ஒரே அண்டாவில் சமையுங்கள். அரிசியோ பருப்போ இரண்டு கத்திரிக்காயோ ஒரு கொத்து கறிவேப்பிலையோ, பச்சையாகக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒன்றும் கொண்டு வராதவருக்கு வெங்காயம் உரிக்கிற வேலை இருக்கிறது. சாம்பார் சாதம் என்றால் 2 கிலோ அரிசியும் முக்கால் கிலோ துவரம்பருப்பும் 30 பேருக்குத் தாராளம். யார் கொடுத்த பருப்பு எது என்று வெந்தபின் யாரால் பிரிக்க முடியும்?

ஆடி மாதம் உங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வீடு குடத்தில் கொண்டுவரும் கூழையெல்லாம் ஒரே கொப்பரையில் ஊற்றிக் கலந்து, அதிலிருந்துதான் எல்லோருக்கும் மொண்டு ஊற்றுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கும் ஊர்க் கூழ் வேறு, காலனிக் கூழ் வேறு என்று இருப்பது நமக்குத் தெரியாததில்லை. அதனால் கோயிலை மட்டும் முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே தருமசாலையில் அடுப்பை மூட்டினார், இன்றுவரை அது அணையவில்லை. என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் வந்தவருக்கெல்லாம் இலை போடுகிறார்கள். சத்திய ஞானசபையைக் கட்டி முடித்தது அதற்கப்புறம், 1872-இல்தான். முதலில் அடுப்பு, பிறகு சபை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளையும் அந்தக் கிளம்பிப் போகிற குடும்பங்களையும் ஒரே வேனில் கூட்டிக்கொண்டு போய் அங்கே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒருவர் வீட்டுச் சோறு என்கிற பேச்சே அங்கே எழாது.

நேரத்தையும் சற்று மாற்றலாம். மூன்றரை மணிக்குக் காய் நறுக்க உட்காருங்கள். பொம்மை வெட்டுகிற பிள்ளைகளும் காய் வெட்டுகிற பெரியவர்களும் ஒரே பாயில் இருக்கட்டும், கத்தரிக்கோலையும் அரிவாள்மணையையும் மட்டும் தள்ளித் தள்ளி வையுங்கள். அண்டாவை இறக்கி மூடி வைத்துவிட்டு நாடகம் ஆரம்பியுங்கள். தானும் கை வைத்த அண்டாவை விட்டுவிட்டுக் கிளம்புவது அவ்வளவு எளிதில்லை. அப்படியும் கிளம்பினால் விட்டுவிடுங்கள், அடுத்த மாதமும் கூப்பிடுங்கள்.

இனி மண்டபம். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

காகித நாடக மேடை வீட்டுக்குள் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில், அப்போது ஓடிக்கொண்டிருந்த நாடகங்களின் பாத்திரங்களையும் காட்சித் திரைகளையும் தாளில் அச்சிட்டு விற்றார்கள். வண்ணமில்லாத தாள் ஒரு பென்னி, வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. பிள்ளைகள் வாங்கி, வெட்டி, அட்டையில் ஒட்டி, வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டிக்கு நடத்திக் காட்டினார்கள். பொம்மை ஒரு சாண் உயரம். நாலாவது வரிசைக்கு மேல் முகம் தெரியாது. மண்டபத்துக்குப் போனால் என்ன செய்வீர்கள்? மேடைக்கு முன்னால் ஒரு கேமரா, மேலே எல்இடி திரை. அப்புறம் 300 பேரும் டிவி பார்ப்பார்கள். விழுகிற பலாமரத்தை ஒரு பையன் நூல் பிடித்து இழுக்கிறான் என்பது உங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரிகிறது. தெரிந்தும் கண் கலங்கினார்களே, அது திரையில் வராது.

சாப்பாடு அதைவிட மோசமாகும். மண்டபத்துப் பந்தி எப்படி என்று நமக்குத் தெரியும். உங்கள் இலையில் பாயசம் விழும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பார். முதல் பந்தியைப் பிடிக்க, புயல் கரையைக் கடக்கும் முன்பே பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். ஆசிரியர் இன்று சொல்கிற குற்றச்சாட்டு அன்றைக்கு உண்மையாகிவிடும்.

அதற்காக அந்த நல்ல மனிதரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் பணத்துக்கு ஏற்ற கலை வேறு இருக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் மரப்பாவை பொம்மலாட்டம் ஆடுகிற குழுக்கள் உண்டு. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய பொம்மைகள், சில நாலரை அடி உயரம், 10 கிலோ எடை. ஆட்டுகிறவர் தலையில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு, அதில் கட்டிய கயிற்றில் பொம்மையின் பாரத்தைத் தாங்கி, இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடித்துப் பொம்மையின் கைகளை அசைப்பார். அரிச்சந்திராவோ வள்ளி திருமணமோ அப்படி ஆடினால் கடைசி வரிசைக்கும் தெரியும். அவர்களை வரவழைத்து, உரிய சம்பளம் கொடுத்து, பிரியாணியும் போடட்டும். ஆட்டம் முடிந்ததும் கலைஞர்களைப் பந்தியில் முதலில் உட்கார வைக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடுங்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் பொம்மைகளைக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு வருவதற்குள் அண்டா காலியாகி, அவர்கள் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தேடிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போய் அந்த வளையத்தைத் தலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாடிக்கு 30 பேருக்கு மேல் வர ஆரம்பித்தால், இடத்தைப் பெரிதாக்குவதை விட அடுத்த தெருவில் இன்னொரு பெட்டி செய்து கொடுங்கள். அட்டைப்பெட்டிக்கும் அண்டாவுக்கும் என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?

பூச்சி பற்றி. மைதாப் பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. துத்தம் விஷம். அதனால் அந்தப் பசையைப் பெரியவர்களே காய்ச்ச வேண்டும், தனிப் பாத்திரத்தில், சமையல் அடுப்பிலிருந்து தள்ளி, பிள்ளைகள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தட்டை உருவங்கள் அலுத்துப்போனால், புதுச்சேரிப் பக்கம் திருக்கனூர் இருக்கிறது, காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். உங்களுக்குப் பக்கத்தில் பண்ருட்டியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தலையை மட்டும் அச்சில் எடுத்துத் தரச் சொல்லி, கீழே துணி தைத்துவிட்டால் கைப்பாவை தயார். நவராத்திரி வேலை மும்முரத்தில் போய் நிற்காதீர்கள், கொலு முடிந்தபின் போனால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்.

அடுத்த மாதம் என்ன நாடகம் என்று எழுதுங்கள். மழை இல்லாத ஞாயிறாக இருந்தால் வருகிறேன். ஒரு கிலோ வெங்காயம் என் பங்கு.

அன்புடன்.