அடைத்த கார்டு கடன் ஆஸ்பத்திரி பில்லில் மறுபடி ஏறினால்: கேள்வி பதில்

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் நாகர்கோவில். கிரெடிட் கார்டு கடனை ஒருமுறை கஷ்டப்பட்டு அடைத்தவர்கள், வீட்டில் நோய், விபத்து, சாவு என்று வந்ததும் மறுபடி அதில் சிக்குவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததெல்லாம் நம் மாவட்டத்துக் கேள்விகள். பெயர்களை எடுத்துவிட்டேன். கணக்குப் போட்ட இடங்களில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். உங்கள் கார்டில் கொஞ்சம் கூடும், குறையும்.

தக்கலைப் பக்கத்திலிருந்து: அண்ணாச்சி, இரண்டு கார்டு கடனையும் மூன்று வருடம் முன்னால் அடைத்து முடித்தேன். ஒன்றை மட்டும் அவசரத்துக்கு என்று வைத்திருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐசியூவில் கிடந்தார். 3,20,000 ரூபாய் அந்தக் கார்டில்தான் தேய்த்தேன். இப்போது நாலு மாதமாக மினிமம் (பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டுகிறேன். வீட்டுக்காரிக்குத் தெரியாது. எனக்கு ஒழுக்கமே கிடையாது போல, அதே குழியில் மறுபடி விழுந்துவிட்டேன்.

முதலில், அப்பாவுக்கு வைத்தியம் பார்த்ததை ஒழுக்கக்கேட்டில் சேர்க்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு பில்லிங் கவுண்டரில் அட்வான்ஸ் கேட்டால் கையில் இருப்பதைத்தான் நீட்ட முடியும். அந்த ராத்திரி கார்டைத் தேய்த்ததில் தப்பு இல்லை. அதற்கு அப்புறம் வந்த முதல் பில்லில்தான் விஷயம் கெட்டது.

அந்த பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 3,20,000க்கு ஒரு மாத வட்டி 11,200. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,016. ஆக 13,216. மினிமம் 5 சதவீதம் என்றால் 16,000. நீங்கள் 16,000 கட்டினால் அசலில் குறைவது 2,784 ரூபாய். நாலு மாதத்தில் 63,000க்கு மேல் கட்டியிருப்பீர்கள், அசல் குறைந்தது சுமார் 11,000. போதாததற்கு, பழைய பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் போடும் பெட்ரோலுக்கும் வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இனி செய்ய வேண்டியது, கடனை இடம் மாற்றுவது. நம் மாவட்டத்தில் வீட்டில் நகை இல்லாதவர் குறைவு. கல்யாணத்துக்குப் பவுன் கணக்குப் பேசிப் பேசியே பாதிப்பேர் கடனாளியாகிறோம், அது வேறு கதை. ஆனால் அந்த நகை பீரோவில் சும்மா கிடக்க, மாதம் 13,000 வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. வங்கியில் நகையைப் பணயம் வைத்தால் வருடம் 10 சதவீதம் என்றே வையுங்கள், 3 லட்சத்துச் சொச்சத்துக்கு மாத வட்டி 2,600க்குப் பக்கம் வரும். இப்போது கட்டும் அதே 16,000ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். கார்டிலேயே விட்டு 16,000 கட்டினால் மூன்று வருடம் தாண்டும். மினிமம் மட்டும் என்றால் தொகை குறையக் குறைய மினிமமும் குறையும். அது எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடக் கெடுவில்தான் தருவார்கள். நடுவில் யாரும் கேட்கமாட்டார்கள், அதனாலேயே மறந்துபோகும். சம்பளம் விழுந்த மறுநாளே கட்டிவிடுங்கள். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் இதுவும் இன்னொரு மினிமம் டியூதான்.

அதே நபர்: நகை அவள் வீட்டில் போட்டது அண்ணாச்சி. எப்படிக் கேட்பேன்?

வாயால் கேட்க வேண்டாம், பில்லைக் கொடுங்கள். நாலு மாத பில்லையும் வரிசையாக மேஜையில் வைத்து, ஆஸ்பத்திரி ரசீதையும் கூட வையுங்கள். பணம் எங்கே போனது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். அவர் வீட்டில் போட்ட நகை அவருடையதுதான். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. அதனால் கடனை அவர் பெயரில் எடுங்கள், ரசீது அவர் கையில் இருக்கட்டும், கட்டிய தொகை அவர் போனுக்கு மெசேஜாக வரட்டும். ஒளித்து வைப்பதற்கு இடமே இல்லாமல் போகும். வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். கார்டு பாக்கியை இஎம்ஐ (மாதத் தவணை) ஆக்கச் சொல்லி வங்கியில் கேளுங்கள். நகைக்கடனைவிட வட்டி கூடத்தான், அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆனாலும் மாதம் 3.5ஐ விட எவ்வளவோ தேவலை.

மார்த்தாண்டம்: தம்பிக்கு பைக் விபத்து. ஆஸ்பத்திரியில் ரொக்கம் கேட்டார்கள் என்று ஏடிஎம்மில் கார்டைப் போட்டு 60,000 எடுத்தேன். இதற்கும் 45 நாள் வட்டி கிடையாதுதானே சார்?

அந்தச் சலுகை இதற்கு இல்லை. கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. அதற்கு மேல் எடுப்புக் கட்டணம் தனி, 2.5 சதவீதம் அளவில் இருக்கும், அதற்கும் ஜிஎஸ்டி. பில் வரும்வரை காத்திருக்காதீர்கள். சீட்டுப் பணமோ சொந்தக்காரர் கைமாற்றோ, எது கிடைத்தாலும் இன்றைக்கே அதில் கட்டுங்கள். கட்டிய அன்றோடு அந்தத் தொகைக்கு வட்டி நிற்கும்.

இன்னொன்று. சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டு எல்லைக்குள் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு செலவில் கிடைக்கும். 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். அரசு ஆஸ்பத்திரிகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. வெளியூர்க்காரருக்கும் பொருந்தும். பதற்றத்தில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. அதனால் இப்போதே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

குளச்சல்: ஜூன், ஜூலை இரண்டு மாதம் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம், வருமானம் கிடையாது. அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு ஆபரேஷன். கார்டில் 90,000 ஆகிவிட்டது. இங்கே ஒருவர் அஞ்சு ரூபாய் வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கிக் கார்டை அடைத்துவிடலாமா அண்ணே?

அஞ்சு ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 5, வருடம் 60 சதவீதம். கார்டில் ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 4.13 வருகிறது. கார்டே கொள்ளை, அதைவிடப் பெரிய கொள்ளையைத் தேடிப் போகிறீர்கள். கார்டுக்காரன் கடற்கரையில் வந்து வலையைப் பிடித்து இழுக்கமாட்டான் என்பதையும் யோசியுங்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. இருந்தும் அந்த வாசலுக்குப் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நகை இருந்தால் தக்கலைக்காரருக்குச் சொன்னதுதான். இல்லையென்றால் கார்டு கொடுத்த வங்கிக்கு எழுதுங்கள். தொழிலுக்கு ஜூலை 31 வரை தடை, ஆகஸ்டில் கடலுக்குப் போவோம், பாக்கியை இஎம்ஐ ஆக்குங்கள் என்று கேளுங்கள். கெடு தவறுவதற்கு முன்னால் கேட்பவருக்குக் கிடைப்பது, மூன்று பில் தவறிய பிறகு கேட்பவருக்குக் கிடைக்காது.

ஆபரேஷனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினீர்களா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு அலைவதைவிட, வலை காயும் இந்த மாதங்களில் ஒருநாள் போய் வருவது நல்லது.

நாகர்கோவில்: மூன்று கார்டு வைத்திருக்கிறேன். தெரிந்த கடையில் ஒன்றைத் தேய்த்துக் காசு வாங்கி இன்னொன்றைக் கட்டுவேன். 2 சதவீதம்தான் கமிஷன். மனைவியின் பிரசவச் சிக்கலில் தொடங்கியது, ஒரு வருடமாக ஓடுகிறது. வட்டியே கட்டவில்லை, இது லாபம்தானே?

மாதம் 2 என்றால் வருடம் 24 சதவீதம். அசலில் ஒரு பைசா குறையாமல் வருடத்துக்கு 24. இது லாபமா என்று நீங்களே சொல்லுங்கள். சரக்கு இல்லாமல் தேய்ப்பது கார்டு விதிக்கு விரோதம். ஒரே கடையில் மாதாமாதம் முழு லிமிட்டும் போவதை வங்கியின் கம்ப்யூட்டர் கவனிக்கும். ஒரு கார்டை முடக்கினால் போதும், மற்ற இரண்டும் அதே மாதம் சரியும். இந்த மாதமே நிறுத்துங்கள். மூன்றின் பாக்கியையும் கூட்டி ஒரே தனிநபர் கடனாக மாற்ற வழி பாருங்கள். சிபில் (கடனை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவு) கெடாமல் இருக்கும்போதுதான் அது கிடைக்கும், உங்களுக்கு இன்னும் கெட்டிருக்காது.

குலசேகரம்: கார்டுக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறதே?

தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அப்படிச் சொன்னது உண்மை. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20இல் அதை ரத்து செய்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பழைய செய்திதான் இன்னும் சுற்றுகிறது.

கருங்கல்: நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறேன். தங்கச்சிக்குச் சிகிச்சை நடந்த மாதங்களில் கார்டு கட்ட முடியவில்லை. இப்போது வசூல் ஆட்கள் ஊரில் அம்மாவுக்கு போன் போட்டு, மகனை ஏர்போர்ட்டில் பிடிப்போம் என்கிறார்கள். அம்மா சாப்பிடுவதில்லை.

இன்றைக்கே அம்மாவிடம் பேசுங்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம், அதற்காக ஏர்போர்ட்டில் பிடிப்பது என்பதெல்லாம் வெறும் மிரட்டல். செக் கொடுத்து அது திரும்பியிருந்தாலோ, கணக்கிலிருந்து தானாகக் கழிக்க ஒப்புதல் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தாலோ மட்டும் வேறு சட்டம் வரும். அப்படி ஏதாவது இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு போன் செய்யக்கூடாது, குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஆர்பிஐ (ரிசர்வ் வங்கி) 2022இலேயே சொல்லிவிட்டது. எந்த எண், எத்தனை மணி, என்ன சொன்னார்கள் என்று அம்மாவை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பதிவும் செய்யட்டும். அதை வைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ஆர்பிஐ குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. புகார் ஒரு பக்கம் இருக்கட்டும், பாக்கி பாக்கிதான். அதே கடிதத்தில் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்றும் எழுதுங்கள்.

தோவாளை: 2 லட்சம் பாக்கிக்கு 90,000 கட்டினால் முடித்துவிடலாம் என்கிறார்கள். முடிக்கலாமா?

வேறு வழியே இல்லையென்றால் முடிக்கலாம். ஆனால் சிபிலில் 'செட்டில்டு' (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்று விழும், அது வருடக்கணக்கில் நிற்கும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்டால் அங்கேதான் கண் போகும். வங்கியின் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கொடுப்பதையும் கார்டு கணக்கில் கட்டுங்கள், வசூல்காரரின் ஜிபேயில் வேண்டாம்.

பூதப்பாண்டி: அப்பா போய்விட்டார். அவர் கார்டில் 1,40,000 பாக்கி. மகன்தானே, நீ கட்டு என்கிறார்கள்.

அப்பா விட்டுப்போன சொத்து உங்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. இறப்புச் சான்றிதழ் நகலை வங்கியில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கார்டோடு காப்பீடு ஏதாவது இருந்ததா என்றும் அதே மூச்சில் கேளுங்கள். சில கார்டுகளில் விபத்துச் சாவுக்கு உண்டு, யாரும் தாமாகச் சொல்வதில்லை. 'நான் கட்டுகிறேன்' என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுபடி தக்கலை, வேறொருவர்: கார்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டேன். போதும்தானே?

போதாது. ஆன்லைன் கடைகளில் எண் சேமித்துத்தான் கிடக்கும். பாக்கியைத் தீர்த்துவிட்டு, மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி.

இரணியல், ஒரு பெண்மணி: கணவர் இரண்டாவது தடவை இப்படிச் செய்திருக்கிறார். மாமியார் வைத்தியத்துக்குத்தான் என்கிறார், நம்புகிறேன். ஆனால் மொத்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்கிறார். என்ன செய்யட்டும் அண்ணாச்சி?

அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள் தங்கச்சி. பாதிப்பேருக்கு உண்மையிலேயே மொத்தம் தெரியாது, கூட்டிப் பார்க்கப் பயம். சிபில் மாதிரி கடன் தகவல் நிறுவனங்கள் நாலு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவருடைய போனில் அவரையே எடுக்கச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். எந்த வங்கியில் எவ்வளவு, எந்த மாதம் தவறியது, ஆப்பில் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதுவும் தெரியும். வட்டி கூடியதிலிருந்து தொடங்கி ஒரு தாளில் எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்தது அறிக்கையில் ஏறச் சில வாரம் ஆகலாம் என்பதால் அடுத்த மாதம் பில்லோடு ஒத்துப்பாருங்கள். தெரிந்தவர்களிடம் வாங்கிய கைமாற்றும் தவணை பாக்கி நிற்கும் சீட்டும் அதில் வராது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். மாமியார் தூங்கிய பிறகு கேளுங்கள்.