வெள்ளி விலை ஏறுகிறதே, அதை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஆச்சி, உங்கள் வீட்டுத் தம்பியின் கல்லூரிப் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கென்று தனிப் படிப்பு எதுவும் கிடையாது. "சோலார் கம்பெனிக்காரன் வெள்ளியை அள்ளிக்கொண்டு போகிறான், விலை இன்னும் ஏறும், தம்பியை அந்தப் பக்கம் படிக்க வையுங்கள்" என்று தேவகோட்டையில் உங்கள் கொழுந்தனார் சொன்னாரே, அதில் முதல் பாதி உண்மை, கடைசிப் பாதியில்தான் கோளாறு.

நம் பக்கம் வெள்ளி என்றால் சீர்ச் சாமான், குத்துவிளக்கு, பூசைத் தட்டு. ஆனால் இன்றைக்கு உலகம் வாங்கும் வெள்ளியில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. 2024இல் மட்டும் ஏறக்குறைய 68 கோடி அவுன்ஸ், அதாவது சுமார் 21,000 டன். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளியை மிஞ்சிய உலோகம் இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். செம்பு 6 சதவீதம் போலப் பின்னால் நிற்கிறது. அந்த 6 சதவீதத்துக்காக யாரும் வீட்டு வயரிங்கில் வெள்ளிக் கம்பி இழுக்க மாட்டார்கள், ஆனால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற ரிலே, கான்டாக்டர், பிரேக்கருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயின்ட்டில் ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கும்போது செம்பு கருகிப்போய் ஆக்சைடு படிந்து கரண்ட்டை மறிக்கும், வெள்ளியும் டின் ஆக்சைடும் கலந்த பொட்டு தாங்கும். காரிலும் இதே கதைதான், மின்சாரக் காரில் இன்னும் கூடுதல். அப்புறம் ஏசி, ஃபிரிட்ஜ் குழாய்களைப் பற்றவைக்கும் பிரேசிங் கம்பி, தீக்காயத்துக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு, எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனம் தயாரிக்கும் ஆலையில் வினையூக்கி என்று பட்டியல் போகும்.

சோலாரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தம்பியின் கண் அங்கேதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேனலை உற்றுப் பார்த்தால் முடி மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். வெள்ளித் தூளும் கண்ணாடித் தூளும் சேர்த்த பசையைச் சல்லடைத் திரை வழியாக அச்சடித்து, சூளையில் சுட்டெடுத்த கோடுகள் அவை. பேனலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உண்டாகும் மின்சாரத்தைச் சேர்த்து வெளியே கொண்டுவருவது அந்தக் கோடுதான். 2024இல் சோலாருக்கு மட்டும் போன வெள்ளி கிட்டத்தட்ட 20 கோடி அவுன்ஸ்.

இங்கேதான் உங்கள் கொழுந்தனார் கணக்கு தப்புகிறது. வெள்ளி விலை ஏற ஏற, கம்பெனி என்ன செய்யும்? வெள்ளியைக் குறைக்க வழி தேடும். கோட்டை இன்னும் மெல்லிசாக்கு, செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசின தூளைப் போட்டுப் பார், முடிந்தால் செம்பையே மின்முலாமாக ஏற்று என்று ஆராய்ச்சிக் கூடத்தை விரட்டும். ஒரு பழைய சங்கதியும் உண்டு: 1990களின் கடைசியில் உலக வெள்ளித் தேவையில் கால் பங்கு போட்டோ ஃபிலிமுக்கும் எக்ஸ்ரே ஃபிலிமுக்கும் போனது, டிஜிட்டல் வந்ததும் இன்று அது 3 சதவீதம்கூட இல்லை. ஃபிலிமை மட்டும் நம்பிப் படித்தவர் கதி என்ன ஆகியிருக்கும், யோசியுங்கள். ஆனால் வெள்ளியைப் போடவும் தெரிந்து, எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கவும் தெரிந்தவனுக்கு விலை ஏறினாலும் வேலை, இறங்கினாலும் வேலை. தம்பி படிக்க வேண்டியது மின்சாரமும் ரசாயன மாற்றமும் சேருகிற மின்வேதியியல், இல்லையென்றால் உலோகவியல், மெட்டீரியல்ஸ் என்கிற பொருளறிவியல்.

இதற்கு நீங்கள் சென்னைக்கு ஓட வேண்டாம் என்பதுதான் எனக்கு வேடிக்கை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953இல் திறந்த சிக்ரி காரைக்குடியில்தான் இருக்கிறது. முலாம், பேட்டரி, துரு என்று மின்வேதியியலுக்கென்றே உள்ள தேசிய ஆய்வகம். அங்கேயே அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் பி.டெக் படிப்பும் நடக்கிறது. இந்த வருடம் சேர்க்கை எப்படி என்று அவர்கள் அலுவலகத்தில் நேரிலேயே கேட்டுவிடுங்கள், உறவினர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். உலோகவியல் என்றால் திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி. பொறியியல் இடம் அமையவில்லையா, அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் இருக்கின்றன, பி.எஸ்சி. வேதியியல், எம்.எஸ்சி., அப்புறம் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். இது நீண்ட பாதை, பொறுமை இருக்கிற பிள்ளைக்குத்தான் சரிப்படும்.

வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு சோலார் செல், மாட்யூல் (செல்களைக் கோத்த பேனல்) இரண்டும் செய்கிறது. நேர்முகத் தேர்வில் தம்பி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "இங்கே செல் செய்கிறீர்களா, மாட்யூல் மட்டும் கோக்கிறீர்களா?" வெள்ளிப் பசை, சூளை, ரசாயனம் எல்லாம் செல் பக்கம்தான், மாட்யூல் என்பது பெரும்பாலும் கோத்து ஒட்டுகிற வேலை. இது போக பிரேக்கர் மாதிரி ஸ்விட்ச்கியர் சாமான் செய்கிற கம்பெனி, முலாம் பட்டறை எல்லாம் உண்டு. முலாம் பட்டறை என்றால் ஒரு எச்சரிக்கை: வெள்ளி முலாம் தொட்டியில் பெரும்பாலும் சயனைடு இருக்கும். காற்றோட்டமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் ஒழுங்காக இல்லாத இடத்தில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் தம்பியை அனுப்பாதீர்கள்.

தம்பிக்கு இதில் உண்மையிலேயே நாட்டமா, கொழுந்தனார் பேச்சில் மயங்கினானா என்று தெரியவில்லை என்கிறீர்கள். கறுத்துப்போன வெள்ளி ஸ்பூன் ஒன்றைக் கொடுங்கள். கல் பதித்தது, பரம்பரைச் சாமான் வேண்டாம். பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஸ்பூன் அதைத் தொட்டபடி இருக்க, வெந்நீர், ஆப்பச் சோடா, கொஞ்சம் உப்பு போடச் சொல்லுங்கள். கறுப்பு போய்விடும், லேசாக அழுகின முட்டை வாடை வரும். "பளிச்சென்று ஆயிடுச்சு" என்று எழுந்து போனால் கம்ப்யூட்டர் சயின்ஸே படிக்கட்டும், ஒன்றும் குறைவில்லை. அந்த வாடை எங்கிருந்து வந்தது, அலுமினியம் ஏன் மங்கியது என்று குடைய ஆரம்பித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கட்டணத்துக்காகச் சீர் வெள்ளியை விற்கலாமா என்ற கேள்விக்கு நான் ஆள் இல்லை, அதை அண்ணனோடு பேசிக்கொள்ளுங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றின் மதிப்பெண்ணும் வந்ததும் அனுப்புங்கள், 200க்கு கட்ஆஃப் போட்டுப் பார்த்து எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் எழுதலாம் என்று சொல்கிறேன்.