வளர்த்த செலவு யாருடையது?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங்கில் எஸ் பாஸில் (நடுத்தரத் தேர்ச்சி உள்ள வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலை செய்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். அண்மையில் இரண்டு வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள் எல்லாரும் வடமாநில ஆட்கள். பரோட்டா கடையில் கல்லடியில் நிற்பவர், ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர், யாரைக் கேட்டாலும் இந்திதான். அப்பாவுக்குப் பெரிய வருத்தம். "ஆஸ்பத்திரி, ரேஷன், பள்ளிக்கூடம்னு நம்ம வரிப்பணம் எல்லாம் இவங்களுக்குப் போகுது. சம்பாதிக்கிறதையும் அவங்க ஊருக்கே அனுப்பிடறாங்க. ஏற்கெனவே டெல்லி நம்ம பணத்தை எடுத்து அவங்களுக்குத்தான் கொடுக்குது" என்கிறார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. நம் மாநிலத்துக்கு இது நஷ்டம்தானே? இல்லையென்றால் அப்பாவிடம் என்ன சொல்வது? பெயர் போட வேண்டாம்.

– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தது ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்காவில். எதிரே பணம் அனுப்பும் கடையின் வரிசை நடைபாதையைத் தாண்டி நின்றது. "சம்பாதிக்கிறதையும் அவங்க ஊருக்கே அனுப்பிடறாங்க" என்ற வரியை அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே படிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பத்து வருடம் நானும் அதில் நின்றவன். நீங்களும் நிற்கிறீர்கள்.

என் கணக்கையே முதலில் சொல்கிறேன். பிறந்தது புதுக்கோட்டையில், அரசு ஆஸ்பத்திரியில். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அந்தச் சாப்பாட்டுக்காகவே பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. பிறகு அரசு உயர்நிலைப் பள்ளி, அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு. இருபத்தொரு வயதில் விமானம் ஏறி, வந்த வாரமே கப்பல் பட்டறையில் வேலைக்கு நின்றேன். அந்த இருபத்தொரு வருடத்தில் சிங்கப்பூர் எனக்காக ஒரு வெள்ளிகூடச் செலவழித்திருக்கவில்லை. செலவழித்தது தமிழ்நாடு. வளர்ந்து, படித்து, உடம்பில் தெம்போடு இருந்த ஓர் ஆள் இந்த நாட்டுக்குக் கிடைத்தான்.

ஓர் அரசாங்கம் ஒரு மனிதருக்காக அதிகம் செலவழிப்பது இரண்டு காலங்களில்: அவர் பிள்ளையாக இருக்கும்போது, அப்புறம் முதுமையில். நடுவில் வரும் முப்பது நாற்பது வருடம் அவர் கொடுக்கிற காலம். பிழைப்புக்காக இடம் மாறும்போது பெரும்பாலும் அந்த நடுப்பகுதிதான் பயணம் போகிறது. பிள்ளைப்பருவத்தின் செலவும் முதுமையின் செலவும் அனுப்பிய ஊரிலேயே தங்கிவிடுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் அப்பாவின் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

சிங்கப்பூர் இந்தக் கணக்கை மிகத் தெளிவாகப் போட்டிருக்கிறது. கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல், கூடுதல் தேர்ச்சி பெற்ற வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு மாதம் 500 வெள்ளியும் அடிப்படைத் தேர்ச்சி உள்ளவருக்கு 900 வெள்ளியும் கம்பெனி லெவி, அதாவது ஆளை வைத்துக்கொள்வதற்கான கட்டணம், கட்டுகிறது. அது அரசின் வருவாயில் போய்ச் சேர்கிறது. மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனிதான் எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் வரம்பு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. வொர்க் பெர்மிட்டில் வருபவருக்கு மத்திய சேமநிதி கிடையாது. மனைவி மக்களை அழைத்துவர முடியாது என்பதால் பள்ளிக்கூடச் செலவும் கிடையாது. வேலை முடிந்தால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் முதுகுவலிக்கு இருபது வருடம் கழித்து மருந்து கொடுக்கப்போவது திருவாரூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம். இங்கே மூன்றாம் ஆண்டில் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த என் நண்பர் ஒருவருக்கு இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. இந்த நாடு எனக்குக் கொடுத்தது நிறைய, அதை மறக்க மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு லாபமாகத் தெரிகிறது என்று கேட்டால், மீதிச் செலவை எழுதி வைக்கும் நோட்டு வேறு ஊரில் இருக்கிறது என்பேன்.

எழுதாமல் விட்ட செலவு சில சமயம் மொத்தமாக வந்து நிற்கும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் நம் தங்குவிடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தபோது அதைக் கண்ணால் பார்த்தோம். நெருக்கமாக அடுக்கிய கட்டில்களில் மிச்சம் பிடித்த காசு, பரிசோதனையாகவும் சிகிச்சையாகவும் மூன்று வேளைச் சாப்பாடாகவும் அரசாங்கத்தின் தலையில் வந்து விழுந்தது. அதே நாட்களில் இந்தியாவில் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அவர்களுக்கான சிறப்பு ரயில் மே 1-ஆம் தேதிதான் புறப்பட்டது.

இப்போது மன்னார்குடிக்கு வருவோம்.

உங்கள் வயலில் நாற்று நட்ட பையன் தர்பங்காவிலிருந்தோ மதுபனியிலிருந்தோ வந்திருக்கலாம். அவனுக்குத் தடுப்பூசி போட்டதும், அரைகுறையாகவாவது பள்ளிக்கூடம் நடத்தியதும் பீகார். தமிழ்நாட்டுக்கும் வளர்ந்த கைதான் கிடைத்திருக்கிறது. லெவி போட முடியாது. எங்கும் போய்த் தங்கிப் பிழைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அவனுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பதிலாக வேறு வழியில் வருகிறது. 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. என்பது, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும் வரி. அவன் மன்னார்குடியில் வாங்கும் சோப்புக்கு மாநிலத்தின் பங்கு சென்னைக்குத்தான் போகிறது. அப்பா சொல்வதில் நியாயமும் இங்கேதான் இருக்கிறது: அவன் அனுப்பும் பணத்தில் அவன் அம்மா அங்கே திருப்பூர் பனியன் வாங்கினால் அந்த வரி பீகாருக்குப் போய்விடும். உற்பத்தி செய்யும் மாநிலங்களின் பழைய மனக்குறை இது, உண்மையான குறை. ஆனால் உங்கள் பணத்தில் மன்னார்குடியில் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கான வரி சிங்கப்பூருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ரேஷனைப் பற்றி ஒரு திருத்தம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதன்படி வெளிமாநிலத்தவர் இங்கே வாங்குவது, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தன் ஊரில் அவருக்குப் பதிவான, மத்திய அரசு செலவை ஏற்கும் தானியம். அப்பாவின் அட்டையில் வரும் அரிசியிலிருந்து யாரும் ஒரு பிடிகூட அள்ளிக்கொள்ளவில்லை.

டெல்லி விஷயம் பெரியது. 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க 15-ஆவது நிதிக்குழு சொன்ன மத்திய வரித்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாக இருந்தது, பீகாருக்கு 10.058. எனக்கும் இதில் கோபம் உண்டு. பங்கு பிரிப்பதில் மக்கள்தொகையும் ஒரு கணக்கு என்பதால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே இழக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தைப் பரோட்டாக் கல்லடியில் வியர்த்து நிற்கிறவன்மேல் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணம் அவன் ஊரில் வேலையாக மாறியிருந்தால் இரண்டு நாள் ரயிலில் வந்திருக்க மாட்டான். பழைய கதை ஒன்றையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை இரும்பு, எஃகு போன்றவற்றை நாட்டின் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் விலை ஒன்றாகவே இருக்கும்படி சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைப்பதில் லாபம் இல்லாமல் போயிற்று. அன்றைய பீகாரின் கனிவளம் வெளியே போக, தொழில்கள் துறைமுகங்கள் உள்ள மாநிலங்களில் வளர்ந்தன. அதில் பயன்பட்டவர்களில் நாமும் உண்டு.

கூலி குறைகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. நான் அப்பாவின் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்பேன். அதே வேலையைச் செய்யும் உள்ளூர்க் கூலிக்காரருக்குப் பேரம் பேசும் பலம் குறையத்தான் செய்யும். லாபம் முதலாளிக்கு. ஆகவே கொடுக்க வேண்டியவரும் அவர்தான். சட்டம் ஒன்றும் இருக்கிறது: கட்டடச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்க 1996-லேயே வழி செய்துவிட்டார்கள். வசூலும் நடக்கிறது. ஆனால் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவருக்குத்தான் உதவி. இன்று ஓரகடம், நாளை ஓசூர் என்று அலைகிறவர்கள் எத்தனை பேர் பதிந்திருப்பார்கள்? அவர்கள் கட்டிய கட்டடத்தின் பெயரால் சேர்ந்த பணம் அவர்களுக்குப் போகாமல் கிடக்கிறது. எனக்குப் பொறுக்காத விஷயம் இது.

சுமை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது ஊராட்சியின் மேலும் நகராட்சியின் மேலும் விழுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிராமத்தில் திடீரென்று ஆயிரம் பேர் தகரக் கொட்டகைகளில் குடியேறினால் குடிநீர், குப்பை, சாக்கடை எல்லாம் பஞ்சாயத்துத் தலைவரின் பாடு. ஜி.எஸ்.டி. சென்னைக்கும் டெல்லிக்கும் போய்விடும். 15-ஆவது நிதிக்குழு கணக்கில் எடுத்த மக்கள்தொகையோ 2011-இல் எண்ணியது, பிறகு வந்தவர்கள் அதில் இல்லை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போவோர் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது, அதுவும் முன்பதிவில்லாத ரயில் பயணிகளின் எண்ணிக்கையை வைத்து. டிக்கெட் எண்ணித்தான் ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரி 1.8 பிள்ளைகள், பீகாரில் 3. சிங்கப்பூரில் 2023-இல் 0.97 என்று ஆகிவிட்டது. அதனால்தான் இந்த நாடு சிலரைத் தேர்ந்தெடுத்துக் குடும்பத்தோடு தங்கவிடுகிறது. என் மகளுக்குத் தொடக்கப்பள்ளியில் இடம் கொடுத்துச் செலவையும் ஏற்றது. அவள் இங்கே வேலை செய்து வரி கட்டுவாள் என்ற கணக்கு அது, சரியான கணக்கு. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவரின் பிள்ளை மன்னார்குடிப் பள்ளியில் தமிழ் படித்தால் அதையும் நான் செலவில் எழுத மாட்டேன். அப்பாவுக்கு எண்பது வயதாகும்போது ஊரில் இருக்கப்போகும் இளைஞர்களில் அந்தப் பிள்ளையும் ஒருத்தி. உங்கள் கை ஜூரோங்கில் இருப்பதால்தானே நாற்று நட இன்னொரு கை தேவைப்பட்டது?

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். வருங்கால நிதிக்குழுக்கள் பங்கு பிரிக்க அந்த எண்ணிக்கையைக் கையில் எடுக்கக்கூடும். நம் ஊரில் வாழ்கிறவர்கள் நம் ஊரில் எண்ணப்பட்டால் பங்கு நமக்குத்தான் கூடும். கணக்கெடுக்க வரும் டீச்சர் அநேகமாகத் தெருவோடு திரும்பிவிடுவார். ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கும் அறை வரிசையையும் அப்பாவை அழைத்துப்போய்க் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்