தனுஷ்கோடி சாகசத்துக்கு லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை வைத்து, 1964 புயலுக்குப் பிந்தைய தனுஷ்கோடியில் நடக்கும் 40 பக்கச் சாகசம் ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறோம். அதன் விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலிருந்து 12 மந்திரங்களையும் மொழிபெயர்த்துச் சேர்த்திருக்கிறோம். அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்காமல் பி.டி.எஃப். ஆக விற்கலாமா?
— வாசகர், பாம்பன்

பதில்: சாகசம் உங்கள் சொந்தச் சரக்கு; தாராளமாக விற்கலாம். சிக்கல் அந்த 12 மந்திரங்களில்தான். பகடை உருட்டிக் கூட்டும் முறையை யாரும் பயன்படுத்தலாம்; அதை விளக்கும் வாக்கியங்களுக்குப் பதிப்புரிமை உண்டு. மொழிபெயர்க்கும் உரிமையும் நம் 1957 சட்டப்படி உரிமையாளரிடமே இருக்கிறது.

ஹேண்ட்புக்கை மூடிவைத்துவிட்டு எஸ்.ஆர்.டி. 5.1 என்ற இலவச விதித்தொகுப்பைத் திறங்கள். 2023 ஜனவரியில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இதை கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய். 4.0 என்ற, மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் வெளியிட்டது. தமிழாக்கலாம், மாற்றலாம், விற்கலாம். பணமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். மந்திரங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஹேண்ட்புக்கில் ‘மெல்ஃபின் அமில அம்பு’ என்றிருப்பது இங்கே வெறும் ‘அமில அம்பு’. ஆள் பெயர் இருக்காது. தொகுப்பில் இல்லாத மந்திரத்தை நீக்கிவிட்டு நீங்களே புதிதாக ஒன்றை எழுதுங்கள்.

பூதங்களிலும் இதே கவனம் வேண்டும். பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற, தொகுப்பில் இல்லாத பூதங்கள் வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாக்காரர்களுக்கு அவை எதற்கு? தொகுப்பிலுள்ள ரீஃப் ஷார்க்கை (கவச எண் 12, உயிர்ப்புள்ளி 22) எடுத்து, கூட்டமாகத் தாக்கும் திறனை நீக்கி, கடிக்குப் பதில் வால் முள்ளும் விஷமும் கொடுத்தால் திருக்கை தயார்.

பலர் கோட்டை விடுவது நன்றிக்குறிப்பில். எஸ்.ஆர்.டி.யின் தொடக்கத்திலேயே அந்த ஆங்கில வாசகம் இருக்கிறது. எழுத்து மாறாமல் போட்டு, கீழே ‘தமிழாக்கமும் மாற்றங்களும் எங்களுடையவை’ என்று சேருங்கள். குறிப்பு விடுபட்டால் உரிமம் தானாகவே ரத்தாகும். தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் மீண்டும் உயிர்பெறும். அட்டையில் ‘ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது’ என்று போட அந்தத் தொகுப்பே இடம் தருகிறது. லோகோவைத் தொடாதீர்கள்.

செயற்கைக்கோள் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வரைபடமாக ஒட்டாதீர்கள். அதற்கும் உரிமையாளர் உண்டு. இடிந்த தேவாலயத்திலிருந்து அரிச்சல்முனை வரை கையாலேயே வரையுங்கள். நீங்கள் நடந்து பார்த்த ஊர்தானே.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனியின் சொந்தக் கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸிலேயே கதை எழுத வழி உண்டா?
— வாசகி, கீழக்கரை

பதில்: டி.எம்.ஸ் கில்ட் என்ற இணையக் கடையில் வெளியிடலாம். விற்பனையில் பாதி உங்களுக்கு. அங்கே போட்டதை வேறெங்கும் விற்க முடியாது என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.