மகள் கார்பன் சந்தை படிக்க வேண்டும் என்கிறாள், அனுப்பலாமா?

சார், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம், கேம்பஸில் கிடைத்த ஐடி வேலை வேண்டாம் என்கிறாள், நாடுகளின் கார்பன் சந்தைகளை இணைப்பது பற்றி ஐரோப்பாவில் முதுகலை படிக்க வேண்டுமாம், அதற்கு வீட்டை அடமானம் வைக்கணும், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறீர்கள். வேலைதான். ஆனால் இப்போதே வீட்டை வைக்காதீர்கள்.

அவள் சொல்வது இதுதான். ஆலைகள் மொத்தமாக இத்தனை டன் கரியமில வாயுதான் விடலாம் என்று அரசு வரம்பு வைத்து, டன்னுக்கு ஒரு அனுமதி என்று கொடுக்கும். குறைவாக விட்டவர் மிச்சத்தை விற்கலாம். இரண்டு நாடுகள் இணைந்தால் அங்கே வாங்கிய அனுமதி இங்கேயும் செல்லும், இரண்டு பக்கமும் விலை நெருங்கி வரும். அதே சமயம் அங்கே ஒரு ஆலை தப்பாக அளந்தால் இங்கே உள்ள சந்தையும் கெடும். அதனால்தான் பேச்சுவார்த்தை இழுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் சுவிட்சர்லாந்தும் பல வருடம் பேசி 2017-ல் கையெழுத்துப் போட்டு, 2020 ஜனவரியில்தான் இணைந்தன.

இணைந்தாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது, உங்கள் பயம் நியாயமாகிற இடம் இதுதான். ஐரோப்பாவோடு இணையப் போவதாக 2012-ல் அறிவித்த ஆஸ்திரேலியா, ஆட்சி மாறியதும் 2014-ல் கார்பன் விலைச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவும் கனடாவின் கியூபெக் மாகாணமும் 2014-லிருந்து சேர்ந்தே இருக்கின்றன, ஆனால் 2018 ஜனவரியில் அவற்றோடு சேர்ந்த கனடாவின் இன்னொரு மாகாணமான ஒன்டாரியோ, தேர்தலில் ஆட்சி மாறியதும், சேர்ந்த ஆறே மாதத்தில் வெளியேறியது. இன்னொரு பக்கம், 2021-ல் தனிச் சந்தை தொடங்கிய பிரிட்டன் மறுபடி ஐரோப்பாவின் கார்பன் சந்தையோடு இணைவதற்கு முயல 2025 மே மாதம் ஒப்புக்கொண்டது. ஒரு தேர்தல் முடிவை நம்பிப் பிள்ளையின் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எந்த ஆட்சி வந்தாலும் நிற்கும் வேலை ஒன்று இருக்கிறது. ஆலைக்குள் போய் எரிபொருள் கணக்கு, மின் கணக்கு, உற்பத்திக் கணக்கு எல்லாம் பார்த்து எத்தனை டன் வெளியே போனது என்று அளப்பதும், அடுத்தவர் அளந்ததைச் சரிபார்ப்பதும். சந்தை இணைந்தாலும் பிரிந்தாலும் அந்தக் கணக்கு வேண்டும். இரும்பு, அலுமினியம், சிமெண்ட் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தால் கார்பனுக்குக் கணக்குக் காட்டும் விதி 2023 அக்டோபரில் வந்தது, 2026 முதல் இறக்குமதி செய்பவருக்கு அதில் பணமும் சேர்ந்துவிட்டது. நம் நாட்டிலும் 2023-ல் கார்பன் வணிகத் திட்டம் அறிவித்தார்கள். அதில் மொத்த வரம்பு கிடையாது, ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்றுதான் இலக்கு, அதனால் ஐரோப்பாவோடு சுலபமாக இணைக்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆள் வேண்டும், ஆலையும் தெரிந்து சட்டமும் தெரிந்த ஆள். உங்கள் மகள் படித்த கெமிக்கல் இதற்குப் பொருத்தமான அஸ்திவாரம், அதை அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள், ஐடிக்குப் போகச் சொல்லி அழுத்தாதீர்கள்.

என் யோசனை இது. இரண்டு மூன்று வருடம் ஒரு ஆலையிலோ ஆலைகளின் ஆற்றல் செலவைத் தணிக்கை செய்யும் எனர்ஜி ஆடிட் நிறுவனத்திலோ வேலை பார்க்கட்டும், அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகள் எத்தனை இருக்கின்றன. சம்பளம் ஐடியை விடக் குறைவாக இருக்கலாம், அதைப் பார்க்காதீர்கள். அப்புறம் மத்திய அரசின் பியூரோ ஆஃப் எனர்ஜி எஃபிசியன்சி நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வு எழுதட்டும், கரியமில வாயு போன்றவற்றின் உமிழ்வை அளந்து சரிபார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 14064 தரநிலையைப் படிக்கட்டும். அதன் பிறகு ஐரோப்பா போனால் கையில் அனுபவம் இருக்கும், உதவித்தொகைக்கும் தைரியமாக விண்ணப்பிக்கலாம். நடுவில் 'ஆறு வாரத்தில் கார்பன் டிரேடர்' என்று யாராவது விளம்பரம் செய்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அவளிடம் வாங்கி அனுப்புங்கள். அளவீடும் சரிபார்ப்பும் எத்தனை பாடத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அவளிடமே பேசுகிறேன்.